பொம்மை விற்கிறது... குரலுக்குப் பெயர் எங்கே?

திருவிழாக் கடை முதல் சேகரிப்பாளரின் கண்ணாடி அலமாரி வரை கார்ட்டூன் பாத்திரங்கள் உருவமாகி நிற்கின்றன. அவற்றுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்த கலைஞர்களுக்கு அந்த வியாபாரத்தில் என்ன இடம்? இந்தியாவில் டப்பிங்கைத் தொடங்கிவைத்தவரின் ஊர்ப்பக்கம் போய் ஒரு விசாரணை.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். அரியக்குடி திருவேங்கடமுடையான் கோயில் வாசலில் வரிசை மதிலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கம் கருடனுக்குச் சிதறுகாய் விடுகிற சத்தம். எதிர்ப்பக்கம் தார்ப்பாய்க் கடைகள். வளையல், ஊதல், ஜவ்வு மிட்டாய்க்கு நடுவே பிளாஸ்டிக் உறைக்குள் டோரா, டோரேமான், சோட்டா பீம், நீலக் கவுன் போட்ட எல்சா.

ஆறு வயதிருக்கும் பெண் குழந்தை ஒன்று டோராவை எடுத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

"அப்பத்தா, இது பேசுமா?"

கேள்வி அப்பத்தாவுக்கு, பதில் சொன்னது கடைக்காரர். "பேசாது ஆச்சி. சும்மா வெச்சு வெளையாடலாம். பேசுறது வேணும்னா டவுனுக்குத்தான் போகணும்."

குழந்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பொம்மையைத் தூக்கிப் பிடித்து, டோராவாகத் தானே பேச ஆரம்பித்துவிட்டாள். டிவியில் கேட்ட அதே இழுவை, வாக்கியம் முடிகிற இடத்தில் அதே ஏற்றம், பார்க்கிறவரைக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அதே இடைவெளி. அப்பத்தா பேரம் பேசாமல் காசை எடுத்தார்.

அந்த விற்பனையில் பங்குபெற்றவர்களை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவில் பாத்திரத்தின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் (திருவிழாக் கடை பொம்மைக்கு அந்த உரிமம் உண்டா என்பது தனிக் கதை), அச்சு வார்த்த தொழிற்சாலை, மொத்த வியாபாரி, தார்ப்பாய்க் கடைக்காரர். இவர்கள் எல்லோருக்கும் கணக்கு உண்டு. அந்தக் குழந்தையின் வாயில் இருந்த குரலைச் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் நின்று உண்டாக்கிய பெண்மணிக்குக் கணக்கில் இடம் இல்லை. டோரா தமிழ் பேசியிராவிட்டால் அரியக்குடிக் குழந்தைக்கு அவள் யாரோ ஒரு வெளியூர்ப் பிள்ளை. கை நீட்டி வாங்க வைத்தது முகம் மட்டும்தானா?

சுட்டிகளின் காலம்

2007-ல் சுட்டி டிவி வந்தது. குழந்தைகளுக்கென்றே முழு நேரத் தமிழ்ச் சேனல். 'டோராவின் பயணங்கள்' அதில்தான் வீட்டுக்கு வீடு நுழைந்தது. டோராவின் குரங்கு நண்பனுக்குப் புஜ்ஜி என்று பெயர் வைத்தார்கள். திருட வரும் குள்ளநரியை விரட்டும் வசனம் இன்றுவரை மீம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாக்கி சான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள், சம்பளத்தில் பொம்மை வாங்குகிறார்கள். டோரேமான், ஷின்சான், சோட்டா பீம் எல்லாம் தமிழ் ஒலித்தடத்தோடு வந்து நிலைத்தவை.

இதில் ஒரு வேடிக்கை. குறும்புக்காரப் பையன்களின் குரல்களில் பெரும்பாலானவை வளர்ந்த பெண்களுடையவை. உலகம் முழுக்க அப்படித்தான். பையனுக்குப் பருவம் வந்தால் குரல் உடைந்துவிடும்; பெண் கலைஞரின் குரல் இருபது வருடம் தாங்கும். ஜப்பானில் நோபுயோ ஓயாமா 1979 முதல் 2005 வரை டோரேமானாகவே பேசினார். 2024-ல் அவர் 90 வயதில் காலமானபோது அங்கே அது தேசியச் செய்தி. இந்தியில் டோரேமான், சோட்டா பீம் இரண்டுக்கும் குரல் கொடுத்த சோனல் கௌஷலை இன்று இணையத்தில் லட்சக்கணக்கானோர் அறிவார்கள். தமிழில்? தமிழ் டோரேமான் யார் என்று கேட்டால், அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்கூட முழிக்கிறார்கள்.

சோட்டா பீமின் கதை நமக்குப் பாடமாக இருக்கவேண்டியது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் 2008-ல் போகோ சேனலில் அவனை இறக்கியது. சில வருடங்களில் பை, பென்சில் டப்பா, பொம்மை என்று விரிந்து, நிறுவனம் தனிக் கடைகளே திறந்தது. கார்ட்டூன் என்பது சாமான் விற்கும் தொழிலுக்கு விளம்பரம் என்கிற நிலைமைக்கு இந்தியாவும் வந்துவிட்டது. நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்துக்கு இரண்டு படி கீழே லட்டோடு நிற்கும் பீமைப் பார்த்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

காரைக்குடிக்காரர் தொடங்கிய வேலை

ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் குரல் என்கிற ஏற்பாடு இந்தச் சீமையோடு நெருங்கிய சம்பந்தம் உடையது. அரியக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்துக் காரைக்குடியில் 1907-ல் பிறந்தவர் ஏ.வி.மெய்யப்பன். தகப்பனார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் தட்டு விற்கத் தொடங்கியவர். குரலைச் சரக்காகப் பார்க்கும் கண் அங்கேதான் அவருக்கு வந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் நடிகையின் பாட்டு திருப்தியாக இல்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்து அந்தக் குரலைச் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாடல் தொடங்கிய இடமாகத் திரை வரலாற்றாளர்கள் அதைக் குறிக்கிறார்கள். அடுத்து, கன்னடத்தில் 1943-ல் வந்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ் வசனம் பொருத்தி 1944-ல் வெளியிட்டார். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் என்ற பெயர் அதற்கு. யுத்தத்தை ஒட்டிய வருடங்களில் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தி, 'நாம் இருவர்' எடுத்து, பிறகுதான் வடபழனிக்குப் போனார்.

அந்தத் தமிழ் ஹரிச்சந்திராவுக்குக் குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் இன்று யார் நாவிலும் இல்லை. ஏவிஎம் என்ற மூன்று எழுத்து எல்லோருக்கும் தெரியும்.

◼ பெட்டிச் செய்தி: பேசிய பொம்மை, 1890
தாமஸ் எடிசனின் நிறுவனம் 1890-ல் அமெரிக்காவில் ஒரு பொம்மையை விற்பனைக்கு விட்டது. உலோக உடம்புக்குள் குட்டி போனோகிராப். முதுகுக் கைப்பிடியைச் சுற்றினால் குழந்தைப் பாட்டு. ஒலிப்பதிவை நகலெடுக்கும் வசதி அப்போது இல்லாததால், தொழிற்சாலையில் இளம்பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகச் சொல்லிப் பதிந்தார்கள். ஒலி சீக்கிரம் தேய்ந்தது. சில வாரங்களில் விற்பனை நின்றது. பிழைத்த சில உருளைகளின் ஒலியைப் புதிய ஒளி வருடல் நுட்பத்தால் மீட்டு 2015-ல் கேட்கக் கொடுத்தார்கள். பேசிய பெண்களின் பெயர்கள் கிடைக்கவில்லை.

விலாசம் யாருடையது?

எடிசன் பொம்மை வந்த அதே 1890-ல், மே மாதத்தில்தான் அரியக்குடியில் ராமானுஜ ஐயங்கார் பிறந்தார். சங்கீதக்காரர்கள் 'அரியக்குடி' என்று சொன்னால் ஆளைத்தான் சொல்கிறார்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, துக்கடாக்கள் என்று இன்று நாம் பார்க்கும் கச்சேரி வரிசை அவர் நிலைநிறுத்தியது. 1938-ல் சங்கீத கலாநிதி, 1958-ல் பத்மபூஷண். குரலால் ஒரு மனிதர் ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார்.

அரியக்குடிக்கு இன்னொரு கீர்த்தி, பித்தளை விளக்கு. மெழுகில் அச்சு, மண் கூடு, உருக்கி ஊற்றுவது, அரம் போட்டு ராவுவது, கடைந்து மெருகேற்றுவது என்று கை கையாக வேலை நடக்கும். செட்டிநாட்டுக் கல்யாணச் சீரில் அரியக்குடிக் குத்துவிளக்கு இல்லாவிட்டால் பேச்சு வரும். அந்த விளக்கைத் திருப்பிப் பார்த்தால் வெட்டியிருப்பது வாங்கிய குடும்பத்தின் விலாசம். மூன்று நான்கு தலைமுறையின் தலைப்பெழுத்துகள் வரிசையாக. வார்த்தவர் பெயரை நான் எந்த விளக்கிலும் பார்த்ததில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் இந்த விலாசமே காசாக மாறுகிறது. பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், புனல் வைத்த கிராமபோன். எச்எம்வி நாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரான்சிஸ் பாராட் 1898-ல் வரைந்த நிப்பர் என்கிற நாய். எஜமானன் குரலைக் கேட்டதற்காக உலகப் புகழ் பெற்றது. பீங்கானிலும் பிளாஸ்டரிலும் அதற்குச் சிலை உண்டு, சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். புனலுக்குள் பேசியவருக்குச் சிலை இல்லை!

பழம்பொருள் வியாபாரத்தின் விதி எளிது. யாருடையது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தால் விலை கூடும். விலாசம் வெட்டிய பாத்திரத்துக்கு மதிப்பு அதிகம். அமெரிக்கச் சேகரிப்பு உலகில் குரல் கலைஞர் பொம்மைப் பெட்டியில் கையெழுத்துப் போட்டால் விலை ஏறுகிறது. அதற்காகவே மாநாடுகளில் வரிசை நிற்கிறது. பெரிய தலை, சின்ன உடம்புப் பொம்மைகளால் புகழ்பெற்ற பன்கோ போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இப்படிக் கையெழுத்தோடு கைமாறுவது அங்கே சாதாரணம். ஜப்பானிலும் 'டிராகன் பால்' கோக்குவின் உருவத்தை வாங்குகிறவருக்கு, 1986 முதல் அவனுக்குக் குரலாக இருக்கும் மசாகோ நொசாவா யார் என்று தெரியும். பெயர் தெரிவது சந்தைக்கும் நல்லதுதான். நம் ஊரில் அந்த வியாபாரக் கணக்கைக்கூட யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

22 நிமிடக் கையெழுத்து

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடவேண்டாம். 1937-ல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் இளவரசிக்குப் பேசிப் பாடிய அட்ரியானா கசெலோட்டிக்குக் கிடைத்தது மொத்தம் 970 டாலர். திரையில் பெயர் போடவில்லை. அந்த இளவரசியின் பொம்மை இன்னமும் விற்கிறது.

1992-ன் 'அலாதின்' இன்னும் சுவையானது. ராபின் வில்லியம்ஸ் தன் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குப் பூதமாகப் பேச ஒப்புக்கொண்டார். போட்ட முக்கிய நிபந்தனை: என் குரலை வைத்துச் சாமான் விற்கக்கூடாது. படம் ஓடியது; குரல் விளம்பரத்துக்குப் போனது; அவர் டிஸ்னியோடு பேச்சையே நிறுத்தினார். சமாதானத்துக்கு ஒரு பிக்காசோ ஓவியம் அனுப்பினார்கள், பிறகு நிறுவனத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகே உறவு திரும்பியது. குரலும் பொம்மையும் வெவ்வேறு வியாபாரம் என்று அவ்வளவு தெளிவாகக் கோடு போட்ட நடிகர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

நம் டோராவே நீதிமன்றம் போயிருக்கிறாள். ஆங்கில டோராவாக இரண்டாவதாகக் குரல் கொடுத்த கேட்லின் சான்செஸ் 2010-ல் நியூயார்க்கில் வழக்குப் போட்டபோது அவருக்கு 14 வயது. சிக்கலான ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போட 22 நிமிடம்தான் கொடுத்தார்கள், மறு ஒளிபரப்புக்கும் பொம்மை வியாபாரத்துக்கும் சேரவேண்டியது வரவில்லை என்பது புகார். நிறுவனம் மறுத்தது. கடைசியில் சமரசம். ஆனால் டோரா பெயர் போட்ட பையை வாங்கிய பெற்றோர் பலருக்கு, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிறாள் என்பது அந்த வழக்கால்தான் தெரிந்தது.

◼ பெட்டிச் செய்தி: பொம்மைக்குத் தனிக் குரல்
'டாய் ஸ்டோரி' படங்களில் உட்டிக்குப் பேசுகிறவர் டாம் ஹாங்ஸ். கடையில் வாங்கும் பேசும் உட்டி பொம்மைக்குள்ளும் வீடியோ விளையாட்டுகளிலும் இருப்பது பெரும்பாலும் அவருடைய தம்பி ஜிம் ஹாங்ஸின் குரல். ஜாடை மட்டுமல்ல, குரலும் குடும்பத்தில் ஒத்துப்போனது.
கயிற்றை இழுத்தால் பேசும் 'சாட்டி கேத்தி' பொம்மைக்குக் குரல் கொடுத்தவர் கார்ட்டூன் கலைஞர் ஜூன் ஃபோரே. 1963-ல் ஒரு திகில் தொடரில் கொலைகாரப் பேசும் பொம்மை வந்தபோது அதற்கும் அவரையே பேச வைத்தார்கள்.

நட்சத்திரம் வந்தால் பெயர் வரும்

தமிழில் குரலின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்கிற வழக்கம் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் உண்டு. குரல் கொடுப்பவர் ஏற்கெனவே பிரபலமாக இருக்கவேண்டும். 2019-ல் 'ஃப்ரோசன் 2' தமிழில் வந்தபோது எல்சாவாகப் பேசியதும் பாடியதும் ஸ்ருதி ஹாசன்; அதைச் சொல்லியே படத்தை விளம்பரம் செய்தார்கள். அதே ஆண்டு 'லயன் கிங்'கில் சித்தார்த் சிம்பா, அரவிந்த் சாமி ஸ்கார், சிங்கம்புலி டிமோன், ரோபோ சங்கர் பும்பா. 2024-ல் 'முஃபாசா' வந்தபோது அர்ஜுன் தாஸ் முஃபாசா. டிமோன், பும்பா கூட்டணி மாறவில்லை.

ரோபோ சங்கரைப் பற்றி இங்கே இரண்டு வரி கூடுதலாகச் சொல்லவேண்டும். மதுரைக்காரர். கிராமத்துத் திருவிழா மேடைகளில் உடம்பெல்லாம் உலோகப் பூச்சு பூசிக்கொண்டு எந்திர மனிதனாக ஆடியவர். பெயரே அதிலிருந்து வந்தது. பிறகு மிமிக்ரி, டிவி, சினிமா. காட்டுப்பன்றி பும்பாவுக்கு அவர் கொடுத்த மதுரை நக்கலைக் கேட்ட குழந்தைக்கு, அந்தப் பஞ்சுப் பொம்மை ஹாலிவுட் சரக்காகத் தெரிந்திருக்காது. மேடையில் தானே ஒரு பொம்மையாக நின்ற மனிதர் பிற்காலத்தில் ஒரு பொம்மையைப் பேச வைத்தார். 2025 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அஞ்சலிகளில் அதிகம் பேசப்படாத வேலை அது.

நட்சத்திரங்கள் வருவதில் தவறில்லை. ஆனால் டிவியில் வாரத்துக்கு ஏழு நாளும் ஒரு பாத்திரத்தைக் காப்பாற்றிய கலைஞர், அது பெரிய திரைக்குப் போகும்போது ஓரங்கட்டப்படுவதும் இந்த வழக்கத்தோடு சேர்ந்தே நடக்கிறது. சேனல் மாறினால் குரலும் மாறும். அறிவிப்பு கிடையாது. முதலில் கண்டுபிடிப்பது குழந்தைகள்தான்: "இது பழைய டோரேமான் இல்ல!"

சட்டத்தில் ஒரு சந்து

பேசாத பொம்மையில் குரல் கலைஞருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. உருவம் படைத்தவருடையது, உரிமம் நிறுவனத்துடையது. இதை ஒளித்துப் பேசிப் பயனில்லை. கேள்வி எழுவது குரல் வேறு சரக்குக்குள் போகும்போது: பேசும் பொம்மை, செல்போன் விளையாட்டு, விளம்பரம், பாடப் புத்தகச் செயலி.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் நிகழ்த்துநருக்குச் சில பலமான வரிகளைக் கொடுத்தது. படத்தில் சேர்க்கச் சம்மதித்த பிறகும், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு என்கிறது பிரிவு 38ஏ. நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைப் பிரிவு 38பி சொல்கிறது. பாடகர்கள் இதை வைத்து 2013-லேயே இஸ்ரா என்ற உரிமை அமைப்பைப் பதிவு செய்து வசூலில் இறங்கினார்கள். டப்பிங் கலைஞர்களுக்குச் சென்னையில் சங்கம் இருக்கிறது. அது சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பார்க்கும் தொழிற்சங்கம். ராயல்டி வசூல் வேறு தொழில், வேறு கணக்குப் புத்தகம்.

அதே திருத்தத்தில் ஒரு சந்தும் இருக்கிறது. ஒருவருடைய பங்கு தற்செயலானதாக, சிறியதாக இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலிலும் குறிப்பிடப்படாவிட்டால், பெரும்பாலான உரிமைகளுக்கு அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். கதாநாயகப் பாத்திரத்தைப் பேசியவரை இதில் தள்ளிவிட முடியாது. ஒரே தொடரில் தாத்தா, கழுதை, போலீஸ்காரர் என்று பத்துத் துணைக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவரை? பெயர் போடாத பழக்கம் வெறும் மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். அது நாளைக்கு உரிமையையே தின்னக்கூடியது.

எபிசோடுக்கு இவ்வளவு, கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு, எல்லா வடிவத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிக்கொடுப்பதுதான் பொது வழக்கம். அந்தக் காகிதத்தைக் கையெழுத்துக்கு முன்னால் வாசிக்கிறவர்கள் குறைவு.

குரலே சரக்காகும்போது

இதெல்லாம் பத்து வருடம் முன்னால் எழுதியிருந்தால் ஒரு மனக்குறைப் பட்டியலாக முடிந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு அதை அவசரச் செய்தியாக்கிவிட்டது. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை மென்பொருள் மூலம் பாட வைத்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் ஒலித்தது. இவை கண்ணியமாக நடந்தவை. 2024 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுக் குரல் கலைஞர்கள் இந்தப் பிரச்சினைக்காகவே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

அரிஜித் சிங்குக்கு வக்கீல் இருக்கிறார், நீதிபதிக்கும் அவர் குரல் தெரியும். பெயரே வெளியே வராத ஒரு தமிழ்க் கார்ட்டூன் கலைஞர், "இந்தப் பொம்மை பேசுவது என் குரலின் நகல்" என்று எதை வைத்து நிரூபிப்பார்? பதினைந்து வருட எபிசோடுகள் சேனலின் கிடங்கில் இருக்கின்றன. ஒரு குரலை நகலெடுக்க மென்பொருளுக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்லை. குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பொம்மை வரப்போகிறது. தமிழில் பேசப்போகிறது. பழைய குரலில் பேசினால்தான் விற்கும்.

ஆகவே இப்போது கேட்கவேண்டியது பொம்மைக்குப் பத்துப் பைசா பங்கு என்கிற சண்டையை அல்ல என்பது என் கட்சி. ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும்: பொம்மையிலோ செயலியிலோ இந்தக் குரலைச் சேர்த்தால் தனிக் கூலி, இந்தக் குரலை வைத்து மென்பொருளைப் பழக்க எழுத்து மூலமான அனுமதி, தமிழ் வடிவம் வெளியாகும் இடமெல்லாம் பெயர். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிக் குரலுக்கு விருது உண்டு. கார்ட்டூன், ஓடிடி குரல்களுக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்க அரசாணை ஒன்று போதும்.

மூன்றாவது வரி பாதி நிறைவேறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஓடிடி தளங்கள் சிலவற்றில் தமிழ்க் குரல் கலைஞர்களின் பெயர்கள் படம் முடிந்த பிறகு, மூலமொழிப் பட்டியல் எல்லாம் ஓடி முடித்தபின், தனி அட்டையாக வருகின்றன. பார்க்க வேண்டுமானால் ரிமோட்டைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குள் 'அடுத்த எபிசோடு' என்று ஓரத்தில் எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது.